ஊர் மேடைக்குக் குறைந்த ஆட்களில் ஒரு காதல் நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு ஒரு மாலையாவது மேடை நாடகம் போட வேண்டும் என்று நினைக்கும் குடியிருப்போர் சங்கங்கள், வாசகர் வட்டங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுக்கள் பல பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உண்டு. அவர்களிடமிருந்து எங்கள் சிறிய நாடகக் குழுவுக்கு வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நடிக்க மூன்று நான்கு பேர்தான் இருக்கிறார்கள், காதல் கதையாக இருந்தால் நல்லது, எதை எடுக்கலாம் என்பதே அவற்றின் சாரம்.

எத்தனை பேர் நடிக்கும் நாடகத்தைத் தேட வேண்டும்?

இரண்டு முதல் நான்கு பேர் வரை. ஐந்தாவது ஆள் சேர்ந்தவுடன் ஒத்திகை என்பது ஆள் பிடிக்கும் வேலையாக மாறிவிடுகிறது. ஒருவர் வங்கி வேலை முடித்து வர வேண்டும், ஒருவர் டியூஷன் முடித்து வர வேண்டும், இன்னொருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டும்; இடையில் ஒரு முகூர்த்த நாள் வந்துவிட்டால் அந்த வாரமே போயிற்று. எங்கள் குழு முதன்முதலாக எடுத்தது ஏழு பேர் நடிக்கும் நாடகம். ஏழு பேரும் ஒன்றாக ஒத்திகைக்கு வந்தது இரண்டே நாள். மேடையில் கல்யாணத் தரகர் நுழைய வேண்டிய இடத்தில் யாரும் நுழையவில்லை. தரகராக நடிக்க வேண்டியவர் அந்த நேரத்தில் தென்காசியில் மைத்துனர் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் இருந்தார்.

எங்களைக் கேட்டால் மூன்று பேர்தான் சரியான எண்ணிக்கை. இருவர் மட்டும் நடிக்கும் நாடகத்தில் ஒருவர் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க மற்றவரைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு மணி நேர வசனத்தையும் இரண்டு பேரே சுமக்க வேண்டும். மூன்றாம் ஆள், அவர் வேலைக்காரராக இருந்தாலும் தோழியாக இருந்தாலும், காதலர்களுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறார். அதற்கு மேலாக, இருவரும் தங்களுக்கே ஒத்துக்கொள்ளாத ஒன்றைப் பார்வையாளருக்கு முன்பாகவே கண்டுபிடித்துவிடுகிறவரும் அவர்தான்.

காதல் நாடகம் நம் ஊர்ப் பார்வையாளர்களிடம் எடுபடுமா?

இந்தக் கேள்வி எங்களுக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. இந்தச் சீமையின் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் காதல் நாடகம் அல்லாமல் வேறென்ன? அதை இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தது, அன்று திருநெல்வேலி மாவட்டமாகவும் இன்று தூத்துக்குடி மாவட்டமாகவும் இருக்கும் பகுதியைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி) என்று எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒரு கைக்குள் அடங்கும் நாடகமே. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்க, வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் கட்டத்துக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருந்த ஆச்சிமார்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதன் பிற்பகுதியில், குறி சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் சிங்கியைச் சிங்கன் கண்டுபிடித்து, இத்தனை நாள் எங்கே போனாய், காலில் பாம்பு போலக் கிடப்பது என்ன என்று சந்தேகமும் ஆசையும் கலந்து கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொன்றாக நிதானமாகப் பதில் சொல்லும் உரையாடல் இரண்டு பேருக்கான முழுமையான மேடைக் காட்சி. இசையறிந்த இருவர் உங்கள் குழுவில் இருந்தால், வேறு நாடகம் தேடாமல் அதையே இருபது நிமிட நிகழ்ச்சியாக ஆக்கிவிடலாம். காதல் எடுபடும், நடிப்பவர் தயங்கினால்தான் எடுபடாது.

மனோன்மணீயம் நம் ஊர் நாடகம்தானே, அதைப் போடலாமா?

சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்த நாடகத்தில் பாண்டிய மன்னன் தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கே மாற்றிக் கோட்டை கட்டுகிறான், ஒருவரை ஒருவர் நேரில் காணாத இருவர் கனவில் காதல் கொள்கிறார்கள். ஆகவே ஆசை வருவது இயல்பே. ஆனால் அது படிப்பதற்கென்று செய்யுளில் எழுதப்பட்ட ஐந்து அங்க நாடகம், பாத்திரங்களும் மிகுதி. முழுதாகப் போட வேண்டாம். அதனுள் கிளைக்கதையாக வரும் சிவகாமி சரிதத்தை மட்டும் இரண்டு குரல்களில் வாசிப்பது நல்ல யோசனை.

வெளிநாட்டு நாடகங்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஆன்டன் செகாவின் இரண்டு ஓரங்க நாடகங்களைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். ‘கரடி’ 1888இல் எழுதப்பட்டது. ‘பெண் கேட்டல்’ என்று தமிழில் சொல்லத்தக்க மற்றது அதையொட்டிய காலத்தது. இரண்டிலும் மூன்றே பாத்திரங்கள், ஒரே அறை, ஏறத்தாழ அரை மணி நேரம். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டால், நடிகர்களை மாற்றாமலேயே ஒரு முழு நிகழ்ச்சி கிடைத்துவிடும்.

‘பெண் கேட்டல்’ நாடகத்தில், பக்கத்து நிலத்துக்காரரின் மகளைப் பெண் கேட்பதற்காக நன்றாக உடுத்திக்கொண்டு வரும் முப்பத்தைந்து வயதுக்காரர், வந்த காரியத்தைச் சொல்வதற்குள் ஒரு புல்வெளி யாருடையது என்ற சண்டையிலும், அது முடிந்து சமாதானம் ஆனபின் யாருடைய வேட்டை நாய் உயர்ந்தது என்ற சண்டையிலும் சிக்கிக்கொள்கிறார். இதை நம் ஊருக்கு மாற்ற அதிக வேலையே இல்லை. புல்வெளி, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு வயலாகிவிடும். நாய்ச் சண்டை சிப்பிப்பாறையா, கன்னியா என்பதாகிவிடும். ஓர் இடம் மட்டும் இடறும்: நம் வழக்கத்தில் மாப்பிள்ளை தனியாகப் போய்ப் பெண் கேட்பதில்லை. தாய் தகப்பன் இல்லாதவர், கூட வருவதாகச் சொன்ன பெரியப்பா கடைசி நேரத்தில் வரவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். அவருடைய படபடப்புக்கும் அது இன்னொரு காரணமாகிவிடும்.

பெர்னார்ட் ஷா 1933இல் எழுதிய ‘கிராமத்துக் காதல்’ இருவர் மட்டுமே நடிக்கும் நாடகம். கப்பல் தளத்தில் ஓர் உரையாடல், கிராமத்துக் கடையில் இரண்டு உரையாடல்கள். புத்தகமும் கையுமாகத் தனியே இருக்க விரும்பும் எழுத்தாளரைப் பேசிப் பேசியே தன் வழிக்குக் கொண்டுவரும் கடைக்காரப் பெண்ணின் பாத்திரம், நன்றாகப் பேசத் தெரிந்த நடிகைக்குக் கிடைத்த பொக்கிஷம். ஆனால் முழுக்க முழுக்கப் பேச்சுதான். பின்வரிசையில் குழந்தைகள் ஓடி விளையாடும் திறந்தவெளி மேடைக்கு அதை எடுக்காதீர்கள்.

‘கரடி’யை நெல்லைக்கு எப்படி மாற்றினீர்கள்? அதில் விதவை, முத்தம், துப்பாக்கி எல்லாம் வருகிறதே?

எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்த நாடகம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். கணவன் இறந்து ஏழு மாதம் ஆகியும் வீட்டை விட்டு வெளியே வராமல் துக்கம் காக்கும் ஒரு பெண்ணிடம், அவள் கணவன் வைத்துவிட்டுப் போன கடனைக் கேட்டு ஒரு முரட்டு நிலக்கிழார் வந்து நிற்கிறார். பணம் நாளை மறுநாள்தான் என்கிறாள் அவள்; இப்போதே வேண்டும், கிடைக்காமல் நகர மாட்டேன் என்கிறார் அவர். வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கிச் சண்டைக்கு அறைகூவலாகிறது. துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாத அவளுக்கு அவரே பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது அவருக்குக் காதல் வந்துவிடுகிறது.

துப்பாக்கியை நாங்கள் சிலம்பக் கம்பாக்கினோம். கம்பை எங்கே பிடிப்பது, கால்களை எப்படி வைப்பது என்று அவர் சொல்லிக்கொடுப்பது துப்பாக்கியைவிட மேடைக்குப் பொருந்தியது. இருவருக்கும் நடுவில் ஒரு கம்பின் நீளம் எப்போதும் இருந்ததால், தொடாமலேயே நெருக்கம் வந்தது.

அசலில் அந்தக் கடன், கணவன் வாங்கிய ஓட்ஸ் தானியத்துக்கானது. நாடகத்தின் தொடக்கத்தில், கணவன் நேசித்த குதிரைக்கு இன்று ஒரு படி கூடுதலாக வைக்கச் சொல் என்று அவள் உத்தரவிடுகிறாள். முடிவிலோ, இன்று அந்தக் குதிரைக்கு எதுவுமே வைக்க வேண்டாம் என்று தலைகுனிந்து சொல்கிறாள். அத்துடன் நாடகம் முடிகிறது. நாங்கள் குதிரையை வில்வண்டி மாடாக்கி, ஓட்ஸைப் பருத்திக்கொட்டையாக்கினோம். முதற்காட்சியில் ‘அவுக மாட்டுக்குக் கூட ஒரு படி பருத்திக்கொட்டை வை’ என்றவள், கடைசியில் கதவுப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ‘இன்னைக்கு அந்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேண்டாம்’ என்றபோது, அரங்கில் முன்வரிசையில் இருந்த பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். கடைசிக் காட்சியில் வரும் முத்தத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். யாரும் அதைத் தேடவில்லை. துக்கத்தில் இருக்கும் பெண் மறுபடி விரும்புவதை மேடையில் காட்டலாமா என்று எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்குப் பணிந்து அவளை முறைப்பெண்ணாக மாற்றியிருந்தால், நாடகத்தில் எஞ்சியிருப்பது மாடு மட்டுமே.

கடிதங்களை வாசிப்பது மட்டுமே உள்ள நாடகம் எளிதாக இருக்குமா?

மனப்பாடம் செய்ய வேண்டாம் என்ற அளவில் எளிது. அமெரிக்கரான ஏ. ஆர். கர்னி 1988இல் எழுதிய ‘காதல் கடிதங்கள்’, ஒரு மேசை முன்னால் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து தாங்கள் சிறுவயது முதல் எழுதிக்கொண்ட கடிதங்களை வாசிக்கும் நாடகம். அதன் தாக்கத்தில் உருது மொழியில் உருவான ‘தும்ஹாரி அம்ரிதா’ 1992 முதல் ஷபானா ஆஸ்மியும் ஃபரூக் ஷேக்கும் நடித்து இந்தியாவெங்கும் பேர் பெற்றது. பார்வைக்கு எளிதாகத் தெரியும் இந்த வடிவம் குரலில் வயதைக் காட்டத் தெரியாதவர்களைக் கைவிட்டுவிடும். பத்து வயதின் கடிதமும் ஐம்பது வயதின் கடிதமும் ஒரே சுருதியில் வந்தால், பதினைந்தாவது நிமிடத்தில் செல்பேசிகள் ஒளிரத் தொடங்கும்.

கர்னியின் நாடகம் உரிமைக்குட்பட்டது என்பதால், வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே எழுதுவது நல்லது என்பது எங்கள் கருத்து. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் பம்பாய் தாராவிக்குப் பிழைக்கப் போனவருக்கும் இடையே இன்லாண்டு கடிதங்கள் போய்வந்த காலம் நம்மில் பலர் கண்டதே. மணியார்டர் படிவத்தின் அடிப்பகுதியில், செய்திக்கென்று விடப்பட்ட அந்தச் சிறிய இடத்தில் ஓர் ஆண் எழுதக்கூடிய காதல் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லாரும் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியது அது.

உரிமைத்தொகை கட்ட வேண்டுமா? யாரிடம் அனுமதி வாங்குவது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. செகாவ் 1904இல் மறைந்தவர், சிக்கலே இல்லை. ஷா 1950இல் மறைந்ததால் 2011 முதல் இந்தியாவில் அவர் நாடகங்கள் பொதுவானவை. தமிழ் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தவர். அவருடைய நாடகங்கள் 2025 முதல் பொதுவாயின. கர்னி மறைந்தது 2017இல் என்பதால் அவருடைய நாடகத்துக்கு முறையான அனுமதி தேவை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பலர் தவறும் இடம் மொழிபெயர்ப்பு. செகாவுக்கு உரிமை இல்லை என்றாலும், அவரைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கியவருக்கு உரிமை உண்டு. நூலகத்திலிருந்து எடுத்த மொழிபெயர்ப்பை அப்படியே மேடையேற்றுவதாக இருந்தால் அவருக்கோ பதிப்பகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் சம்மதிப்பார்கள், நிகழ்ச்சிக்கு வரவும் செய்வார்கள்.

தொழில்முறை சாராத மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன்போ ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ நாடகம் நடத்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு நிகழ்த்துவதற்குத்தான். உரிமையுள்ள நாடகத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்றி எழுதுவதற்கு அதை நம்ப வேண்டாம். நன்கொடைச் சீட்டு என்று பெயர் மாற்றி டிக்கெட் விற்பதும் இலவசம் ஆகாது.

காவல் நிலையத்தில் நாடகப் பிரதியைக் காட்ட வேண்டுமா?

முன்பு தமிழ்நாட்டில் அதற்கென 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. எனினும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்குமேல் அது ஒலிக்கக் கூடாது.

வசனம் பொதுத் தமிழில் இருக்க வேண்டுமா, நெல்லைப் பேச்சில் இருக்க வேண்டுமா?

நெல்லைப் பேச்சில் எடுங்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு செல்வம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். நமக்கோ நீ, நீரு, நீங்க என்று மூன்று படிகள். மேடையில் காதல் வளர்வதும் தேய்வதும் இந்தப் படிகளில்தான் பார்வையாளருக்குக் கேட்கிறது. எங்கள் ‘கரடி’யில் அந்தப் பெண் கடன்காரரை முதலில் ‘நீங்க என்ன விஷயமா வந்தியோ?’ என்று மரியாதையாகக் கேட்டாள். கோபம் ஏறியதும் ‘நீரு என்னவே நெனச்சுக்கிட்டு வந்தீரு?’ என்று இறங்கினாள். கடைசியில், சண்டைக்கு வா என்று தானே அழைத்தவரைப் பார்த்து, ‘போயிருவியளா?’ என்று பழைய மரியாதைக்குத் தானாகவே ஏறினாள். அந்தக் கடைசி ஏற்றம்தான் காதல் வாக்குமூலம். அதற்குமேல் வசனம் எழுதத் தேவையிருக்கவில்லை. ஒத்திகை தொடங்கும் முன்பே, எந்தப் பக்கத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சினிமா நகைச்சுவைக்காக ஊதிப் பெரிதாக்கிய ‘ஏலே’ தமிழ் வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘லே’ போட்டால் நெல்லைப் பேச்சு ஆகிவிடாது என்பது நம் பார்வையாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

காதல் காட்சியில் நடிக்கப் பெண்கள் தயங்குகிறார்களே?

தயக்கம் நியாயமானது, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மாமியாராகவோ, மறுநாள் பள்ளியில் பார்க்கப்போகும் மாணவர்களாகவோ இருப்பார்கள். பிரதியை முடிவு செய்யும் கூட்டத்திலேயே, எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்பதை நடிக்கும் பெண்ணே சொல்லட்டும். பிறகு அது இயக்குநரின் மனநிலைக்கேற்ப மாறக் கூடாது. நடுத்தர வயதினரை நடிக்க வைப்பதும் நல்ல வழி. ஷாவின் நாடகமும் கடித நாடகமும் ஐம்பது வயதினர் நடித்தால் கெட்டுப்போவதில்லை, மெருகேறும்.

பாத்திரப் பெயர்களால் சாதிப் பேச்சு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். என்ன செய்வது?

காதலுக்காகப் பிள்ளைகள் உயிரிழந்த செய்திகளை வாசிக்கும் ஊரில் இந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சாதியைப் பற்றியே பேசும் நாடகத்தை எடுக்க உங்கள் குழு துணிந்தால் அதை முழுத் தயாரிப்புடன் எடுங்கள், பாதி மனத்துடன் வேண்டாம். அது நோக்கம் இல்லை என்றால், பெயரே வைக்காமல் விட்டுவிடுங்கள். அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. ஷாவும் தம் நாடகத்தின் இருவருக்கும் பெயரிடாமல் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டுமே சூட்டியிருக்கிறார். ‘டீச்சர்’, ‘மளிகைக்கடை அண்ணாச்சி’ என்று அழைத்துக்கொண்டே ஒரு காதலை நடத்திவிட முடியும்.

எந்த மாதம், எந்த மாதிரி இடம் பொருத்தம்?

தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், ஆனி, ஆடிக் காற்றுக்கும் திறந்தவெளி மேடை தாங்காது. மேற்கே மலைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று மைக்கில் புகுந்துவிட்டால், கொஞ்சிப் பேசும் வசனம் எல்லாம் இரைச்சலாகிவிடும். குறைந்த ஆட்கள் நடிக்கும் காதல் நாடகத்துக்கு நூறு பேர் உட்காரும் மூடிய கூடமே ஏற்றது. கல்யாண மண்டபம் கிடைத்தால், மணமேடையில் போடாமல், தரையில் நடுவே இடம் விட்டு மூன்று பக்கமும் நாற்காலி போட்டுப் பாருங்கள்.

இரண்டு பிரதிகளுக்குள் முடிவு செய்ய முடியவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, யாராவது ஒருவர் வீட்டு மாடியில், இரண்டையும் உரக்க வாசித்துப் பாருங்கள். நடிக்கப்போகிறவர்களே வாசிக்க வேண்டும். நாடகத்தில் ஈடுபாடில்லாத நான்கைந்து பேரும் உடன் இருக்க வேண்டும். கையில் கடிகாரம் இருக்கட்டும்: வாசிப்புக்கு நாற்பது நிமிடம் ஆனால் மேடையில் ஐம்பதுக்குக் குறையாது. பிறகு கருத்து எதுவும் கேட்காமல், காபி கொடுக்கும் சாக்கில் அவர்கள் பேச்சைக் கவனியுங்கள். நாங்கள் அப்படி வாசித்த மாலையில் நன்றாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டிய பிரதி வேறு. டம்ளரை வாங்கிக்கொண்டே, ‘அந்தக் கடன்காரரு பணத்த வாங்காமலே போயிட்டாராக்கும்?’ என்று வீட்டு ஆச்சி கேட்டது ‘கரடி’யைப் பற்றி.